அழுதபடி ஏற்ற படம்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வீடுகளில் இறை இரக்க ஆண்டவர் படத்தை அறியாதவர் அரிது. வெள்ளை அங்கி, ஆசி வழங்கும் வலக்கை, நெஞ்சிலிருந்து சிவப்பாக ஒன்றும் வெளிறி ஒன்றுமாகப் பாயும் இரண்டு கதிர்கள். வெறும் காலண்டர் படம் என்று ஓவியம் தெரிந்தவர்கள் இதை ஒதுக்குவதுண்டு. சற்று அவசரப்பட்ட தீர்ப்பு அது. கடைகளில் கிடைக்கும் அச்சுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், 20-ஆம் நூற்றாண்டின் போலந்து எண்ணெய் ஓவியங்கள் இரண்டு. இரண்டுமே ஓவியரின் விருப்பப்படி மட்டும் உருவானவை அல்ல.

1931 பிப்ரவரி 22 அன்று புவோட்ஸ்க் நகர மடத்தில், தான் காட்சியில் கண்டபடி ஓர் உருவம் தீட்டப்பட வேண்டும் என்று கட்டளை பெற்றதாகப் பவுஸ்தினா என்ற கன்னியாஸ்திரி எழுதிவைத்தார். அவருக்கோ வரையத் தெரியாது. மூன்றாண்டு கழித்து, அன்று போலந்தில் இருந்த வில்னியுஸில், அவருடைய ஆன்ம குரு சோபோச்கோ, தாம் குடியிருந்த கட்டடத்திலேயே வசித்த காசிமிரோவ்ஸ்கியிடம் வேலையை ஒப்படைத்தார். பவுஸ்தினா அடிக்கடி வந்து திருத்தம் சொன்னார். அங்கியின் மடிப்பு சரியாக விழ, சோபோச்கோவே பூசை உடை அணிந்து ஓவியர் முன் நின்றார். 1934-இல் படம் முடிந்தது. தான் கண்ட அழகு இதில் இல்லையே என்று பவுஸ்தினா அழுதார்!

ஆயினும் இந்த வில்னியுஸ் படத்தின் முகத்தில் ஒரு கண்ணியம் உண்டு. பார்வை தாழ்ந்திருக்கிறது, எதிரே நிற்பவரைக் கவர முயலாத முகம். பின்னணி இருட்டு, கதிர்கள் மென்மை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இது அல்ல, அடால்ஃப் ஹிவா வரைந்தது. போரில் குடும்பம் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக அவர் கிராகோவின் வாகியெவ்னிக்கி மடத்துக்குத் தந்த படம் பீடத்தில் பொருந்தவில்லை. அளவு மாற்றி 1944-இல் இன்னொன்று வரைந்தார். அதன் பின்னணியில் புல்வெளியும் புதர்களும் இருந்தன. வழிபாட்டுக்கு அவை பொருந்தாது என்று சோபோச்கோ வாதாடவே, 1950-களில் ஓவியரே அவற்றின் மீது இருண்ட நிறம் பூசி, காலடியில் தரையை வரைந்தார். முகம் நேராக நம்மைப் பார்க்கிறது, இனிமையாகவும் இருக்கிறது. அச்சுக்கு ஏற்றது அதுதான்.

காசிமிரோவ்ஸ்கியின் வில்னியுஸ் படம் பட்ட பாடு தனி. சோவியத் ஆட்சியில் அது இருந்த கோயில் மூடப்பட்டபின் பக்தைகள் அதை மீட்டு மறைத்தார்கள். பெலாரஸின் ஒரு கிராமக் கோயிலில் பல ஆண்டுகள் தொங்கிய பிறகு 1986-இல் வில்னியுஸ் திரும்பியது. பவுஸ்தினா சொன்னபடியான படங்களைப் பரப்பவே 1959-இல் வத்திக்கான் தடை விதித்து, 1978-இல்தான் நீக்கியது. 2000-இல் அவர் புனிதரானார். அதன் பிறகும் எந்தப் படம் உண்மையானது என்ற வாதம் பக்தர்களிடையே இன்னும் சூடாக நடக்கிறது.

அந்த வாதம் தேவையில்லை. காட்சி கண்டவர், குரு, ஓவியர் என்று பலர் கை வைத்த படைப்பில் அசல் எது என்று தேடுவது வீண். தேவைப்படுவது வேறொன்று: ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்ற வரியை அடியில் அச்சிடும் பதிப்பாளர்கள், ஓரமாகவேனும் காசிமிரோவ்ஸ்கி அல்லது ஹிவா என்று வரைந்தவர் பெயரையும் சேர்க்கலாம்.