புராணபடனமும் கைத்தொலைபேசியும்

கந்தசஷ்டி நாட்களில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலே புராணபடனம் நடைபெற இருந்தது. வழக்கமாக வாசிக்கும் பெரியவருக்குக் கண்ணிலே சத்திரசிகிச்சை நடந்திருந்தபடியால், அவருடைய இடத்தில் என் மாணாக்கன் ஒருவன் அமர்த்தப்பட்டான். உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் பிள்ளை. நல்ல குரல் வாய்ந்தவன். செய்யுளை இசையோடு வாசிக்கச் சிறு வயதிலேயே தன் பாட்டனாரிடம் பழகியவன். சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு வந்து, சுவாமியைக் கும்பிட்டு, சம்மணமிட்டு அமர்ந்தவன், மடியிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தான். கந்தபுராணம் முழுவதும் அதற்குள்ளே இருந்தது.

மண்டபத்திலே சலசலப்பு உண்டாயிற்று. "புத்தகத்துக்குப் பூ வைத்துத் தொட்டுக் கும்பிட்டு வாசிக்கிற இடத்திலே இது என்ன வழக்கம்?" என்றார் ஒருவர். "அதற்குள்ளேதானே சினிமாவும் கிடக்கிறது" என்றார் மற்றொருவர். "புத்தகத்தில் எழுத்துச் சிறிது ஐயா, இதிலே பெரிதாக்கி வாசிக்கலாம்" என்றான் பையன், பணிவாக. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊரிலே வாத்தியாராக இருப்பதன் தொல்லைகளுள் இதுவும் ஒன்று. "வாசிக்கட்டும்" என்றேன். உண்மையைச் சொன்னால், ஆராய்ந்து சொன்ன தீர்ப்பு அன்று அது. பூசைக்கு நேரமாகிறதே என்று சொன்னது.

வாசிப்புத் தொடங்கியது. பயன் சொல்லும் பெரியவர் எண்பது வயதைக் கடந்தவர். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்திலே கையை உயர்த்தினார்.

"தம்பி, அந்தச் சொல்லைத் திரும்ப வாசியும்."

பையன் 'மறம்' என்று வாசித்தான்.

"மரம் என்றல்லவா இருக்கவேண்டும்? சூரன் மரமாய் நிற்கிற இடம் இது. மறம் என்று வாசித்தாலும் ஏதோ ஒரு பொருள் வரும். ஆனால் அது கச்சியப்பருடைய பொருள் அல்ல."

பையன் திரையைப் பார்த்தான். வல்லின றகரமே அங்கே இருந்தது. கோயிற் பெட்டகத்தைத் திறந்து பழைய அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பெரியவர் சொன்னதே சரி. பையனுக்கு அந்தக் கோப்பை யாரோ அனுப்பினார். அவருக்கு வேறு யாரோ அனுப்பினார். எத்தனை கை மாறி வந்ததோ, எந்தக் கையிலே ரகரம் றகரமாயிற்றோ, அறிவார் இல்லை.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அன்று கந்தபுராணத்தைக் காத்தது எது? கைத்தொலைபேசி அன்று. பெட்டகத்திற் பூட்டிக் கிடந்த புத்தகமும் அன்று. ஒரு முதியவரின் செவியும் நெஞ்சுமே காத்தன. அவர் இல்லாதிருந்தால், 'மறம்' என்றே அன்று முழங்கியிருக்கும். நான் உட்பட, மண்டபத்தில் இருந்த ஒருவரும் அறிந்திருக்கமாட்டோம்.

வாசகர்களே, புதிய கருவி ஒன்று வரும்போது சமயம் அதனை எதிர்க்கும் என்று பலர் எண்ணுகின்றனர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. அச்சிட்ட காலம் குறிக்கப்பெற்று இன்றும் எஞ்சியிருக்கும் நூல்களுள் மிகப் பழையது, 868ஆம் ஆண்டிலே சீனத்தில் மரக்கட்டைகளால் அச்சான ஒரு பௌத்த சூத்திரம். ஐரோப்பாவிலே கூட்டன்பர்க்கு அச்சிட்ட பெருநூல் விவிலியம். தமிழ் எழுத்தை முதன்முதல் இந்திய மண்ணிலே அச்சேற்றிய நூலும், 1578இற் கொல்லத்தில் வெளிவந்த கிறிஸ்தவ வினாவிடை நூலேயாகும். கருவியைக் கண்டு மிரண்டவர்கள் எக்காலத்திலும் இருந்தனர். ஆயினும் அதனை முதலில் கையிலெடுத்தவர்களுள் சமயத் தொண்டர்களும் இருந்தனர்.

நம்முடைய யாழ்ப்பாணத்திற்கு வருவோம். அமெரிக்க மிசனார் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையை வெளியிட்டபோது, சைவ மக்களின் நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலே கிடந்தன. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதவேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். ஆகவே 'எ'கரமோ 'ஏ'காரமோ என்பதை வாசிப்பவன் தன் கல்வியைக் கொண்டே தெளியவேண்டும். ஏடு தனியே நின்று பேசாது. அதன் அருகே ஆசிரியர் ஒருவர் இருந்தே தீரவேண்டும்.

ஆறுமுக நாவலர், 1822இலே நல்லூரிற் பிறந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். மிசனாரின் பிரசங்கம், பாடசாலை, அச்சியந்திரம் என்னும் மூன்றின் வலிமையையும் அவர் அருகில் இருந்தே கண்டார். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்றுவந்து, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பிறர் கொணர்ந்த கருவி என்று அவர் அதனை ஒதுக்கவில்லை. கருவி கிடைத்ததே போதும் என்று கண்டதையெல்லாம் அச்சேற்றவும் இல்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பரிசோதித்தே நூல்களை வெளியிட்டார். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்னும் பெயர், யந்திரத்தினால் வந்தது அன்று. பரிசோதித்த கண்களினால் வந்தது.

இங்கே புராணபடனத்தின் அமைப்பையும் சற்று நோக்குதல் வேண்டும். கந்தபுராணம் ஆறு காண்டங்களும், 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களும் உடையது. எழுத்தறியாத கமக்காரனும், ஏடு வாங்க வகையற்ற ஏழையும் அதனை எங்ஙனம் அறிந்தனர்? ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்லுவார், ஊரவர் கேட்பர். தவறாக வாசித்தால் திருத்துவதற்கு அங்கேயே ஆள் உண்டு. விளங்காவிட்டால் கேட்பதற்கும் ஆள் உண்டு. இம்மண்ணின் வாழ்வைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்தது பொருத்தமானதே. நூல் ஒன்றே இருந்தது. அறிந்தவர் பலர் இருந்தனர். இக்காலத்திலோ நூல் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அறிந்தவர்களை எண்ண ஒரு கைவிரல் போதும்.

இதனாற் கணினியைப் பழிக்கிறேன் என்று கொள்ளவேண்டாம். பிரதிகள் ஓரிடத்திற் குவிந்து கிடப்பதன் அபாயத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சில உலகில் வேறெங்கும் பிரதி இல்லாதவை. அந்தச் சாம்பரைக் கண்டு மனம் நைந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அன்று அச்சுவடிகளுக்கு நிழற்படப் பிரதி ஒன்றேனும் வேறிடத்தில் இருந்திருந்தால்!

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள், பல நாடுகளில் இருந்துகொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். 2005இலே தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கோயின் மலர்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றி வருகிறது. கிராமத்துப் பிள்ளை ஒருத்தி, எங்கள் கல்லூரி நூலகத்திலும் இல்லாத நூலைத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து வாசிக்கிறாள். இதனைப் பெரும்பேறு என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவது?

ஆனால், எண்ணிமப் பிரதி அழியாது என்று நம்பி இருத்தலும் பேதைமை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மவர் 'பாமினி' எழுத்துருவிலே எத்தனையோ கட்டுரைகளைத் தட்டச்சிட்டனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறந்தால், தமிழ் தோன்றாது. ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் சிதறிக் கிடக்கும். நெகிழ்தட்டிற் சேமித்தவற்றைத் திறப்பதற்கு யந்திரமே அரிதாயிற்று. எண்ணெய் பூசிப் பேணிய பனையோலையோ நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. தேவார ஏடுகள் தில்லையிலே செல்லரித்துக் கிடக்க, இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்பது நம் மரபுவழிச் செய்தி. ஏட்டைப் பூட்டிவைத்தவர்கள் அதனைக் காத்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர். எடுத்து வாசிப்பார் இல்லாத ஏட்டைச் செல் வாசிக்கும். இது கணினிக்கும் பொருந்தும்.

வேறொரு கேடும் உண்டு. நாவலர் சொன்னார், திருமூலர் சொன்னார் என்று நாள்தோறும் காலையில் கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளிற் பல, அவர்கள் சொல்லாதவை. என் வகுப்பிலே ஒரு மாணவி அத்தகைய வாக்கியம் ஒன்றைத் தன் கட்டுரையில் எழுதியிருந்தாள். எந்த நூலில் உள்ளது என்று கேட்டேன். "அம்மாவுக்கு வந்தது, சேர்" என்றாள். அவள்மேற் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை நாம் வீட்டிலும் வகுப்பிலும் கற்பித்தோமா?

சமயம் பொருளைத் தருகிறது. கருவி அதனைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. சரியோ பிழையோ என்று தெளிய வைப்பது கல்வி. இம்மூன்றில் மூன்றாவது தளர்ந்தால், முதலிரண்டும் சேர்ந்து பிழையையே பரப்பும். ஆகையாற் பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறிப்பதனாற் பயனில்லை. நவராத்திரியிலே பத்துப் பாட்டையேனும் அவன் பக்கத்தில் இருந்து வாசிக்கச் செய்யுங்கள். அச்சுப் புத்தகத்தை எதிரே வைத்து ஒப்புநோக்கச் செய்யுங்கள். பிழை ஒன்றைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, பின்னர் எதனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டான்.

எங்கள் கோயிலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சூரசங்காரம் முடிந்த அடுத்த கிழமை, என் மாணாக்கன் பெரியவரிடம் போனான். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டு விறாந்தையிலே நான்கு பிள்ளைகள் கூடுகிறார்கள். ஒருவன் அச்சுப் புத்தகத்தை விரித்திருக்க, மற்றவன் திரையைப் பார்த்து வாசிக்கிறான், பெரியவர் கேட்கிறார். பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி, கோப்பிலே திருத்துகிறார்கள்.

அவர் பயன் சொல்லுவதை ஒலிப்பதிவு செய்யலாமா என்று நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். சற்று நேரம் பொறுத்து, "ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன் மாஸ்டர். பதிவுதான் இருக்கிறதே என்று, நான் போன பிறகு அதை ஒலிபெருக்கியிலே போட்டுவிட்டு இருந்துவிடாதேயுங்கோ. ஒரு பிள்ளை இருந்து வாசிக்கவேண்டும், ஒருவர் இருந்து சொல்லவேண்டும்" என்றார்.

வருகிற கந்தசஷ்டிக்கு வாசிப்பவன் ஆயத்தமாக இருக்கிறான். பயன் சொல்ல அடுத்தவர் யார் என்று ஊரார் கேட்கிறார்கள். அவர்கள் மறுபடியும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இம்முறை நேரமாகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. பெட்டகத்துப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, உற்பத்தி காண்டத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.