தனக்கு வந்தால்தான் தெரியுமோ?

'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது நம் முன்னோர் மொழி. இவ்விரண்டையும் அவர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கூறினராயினும், இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. காய்ச்சலைப் பிறரும் அறியலாம். நெற்றியிற் கைவைத்தாற் சூடு தெரியும். நாவின் கீழே வெப்பமானியை வைத்தால் அளவுந் தெரியும். தலையிடிக்கோ வெளியடையாளம் யாதுமில்லை. கால் முறிந்தவரைக் கண்டால் இரங்கிக் கைகொடுக்கும் நாம், தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறையிலே படுத்திருப்பவரை மட்டும் ஐயத்தோடு நோக்குகின்றோம். மாணவனாயின், பரீட்சைக்குப் பயந்து சொல்லும் சாட்டு என்கின்றோம். வீட்டுப் பெண்ணாயின், வேலைக்குக் கள்ளம் என்கின்றோம். இந்த ஐயத்துக்கு இடமுண்டா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

தலையிடிகள் பலவகைப்படும். அவற்றுள் நாம் இங்கே எடுத்துக்கொண்டது ஒற்றைத் தலையிடி. மேனாட்டு வைத்தியர் இதனை மைக்றேன் என்பர். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில், நாடித் துடிப்போடு சேர்ந்து இடிப்பது இது. நடந்தால், படியேறினால் மிகும். குமட்டலையும் வாந்தியையும் உடன்கொண்டு வரும். வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்கவொட்டாமற் செய்யும். மருந்தின்றி விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கவல்லது. உலக மக்களுள் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இதனால் வருந்துகின்றனர் என மதிப்பிட்டுள்ளனர். ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடையே இஃது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆதலால், உற்றார் உறவினருள் இந்நோயாளர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது எனலாம்.

இந்நோவின் இருப்பிடத்தைத் தேடிச் சென்ற விஞ்ஞானிகள் முதலிற் கண்டது ஒரு வியப்பான உண்மை. உடம்பின் எப்பகுதியில் நொந்தாலும் அதனை உணர்வது மூளை. ஆயின் அந்த மூளையைத் தொட்டாலும் வெட்டினாலும் அதற்கு நோவதில்லை. நியூயோர்க் நகரத்து வைத்தியர்களான புரொன்சன் றே, ஹரல்ட் வூல்ஃப் என்னும் இருவரும் 1940ஆம் ஆண்டில் இதுபற்றித் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தலையிற் சத்திரசிகிச்சை செய்யப்படுங்கால், நோயாளி விழித்திருக்க, வெட்டும் இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, உள்ளே ஒவ்வோரிடமாகத் தொட்டு, நோகின்றதா என வினவிப் பார்த்தனர். மூளையிலே நோவில்லை. மூளையைப் போர்த்துள்ள உறையின் சில பகுதிகளையும், அங்குள்ள பெரிய இரத்தக் குழாய்களையும் தொட்டபோதோ நோவு உண்டாயிற்று.

முகத்தின் உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்லும் பெருநரம்பு ஒன்றுண்டு. அது மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றிற் பரவுவது. அதே நரம்பின் நுண்ணிய இழைகள் மூளையின் உறையையும் அதன் இரத்தக் குழாய்களையும் சுற்றிப் படர்ந்துள்ளன. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞரான மைக்கேல் மொஸ்கோவிட்ஸ், இவ்விழைகளிலிருந்து கசியும் இரசாயனப் பொருள்களே மைக்றேனுக்குக் காரணமாதல் கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். அப்பொருள் எது என்னும் வினாவுக்கு விடை வருமுன், மற்றொரு புதிரைப் பற்றியும் கூறல் வேண்டும.

இந்நோயாளருட் சிலருக்கு, நோவு தொடங்குமுன் கண்ணிலே ஒரு காட்சி தோன்றும். பார்வையின் நடுவே சிறு ஒளிப்பொட்டாகத் தொடங்கி, கோட்டைமதில் போன்ற வளைந்து நெளிந்த மின்னற் கோடாக விரிந்து, மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கி நகர்ந்து மறையும். இதற்கு இருபது நிமிடம், அரைமணி செல்லும். கேட்பவர் இதனை மனப்பிரமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஹாவாட் சர்வகலாசாலையின் உளவியலறிஞர் கார்ல் லாஷ்லி அவ்வாறு தள்ளவில்லை. ஏனெனில் அக்காட்சி அவருக்கே வருவதுண்டு. அது நகர்வதைப் படமாக வரைந்து கணக்கிட்டு, மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதியிலே ஏதோவொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்திற் பரவிச் செல்கின்றது என்று 1941இல் எழுதினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1944இல், அங்கேயே ஆராய்ச்சி செய்த பிறேசில் நாட்டவரான அரிஸ்டிடெஸ் லெயாவோ என்பவர், முயல்களின் மூளையில் மின்னியக்கம் ஒடுங்கிப்போகும் அலையொன்றைக் கண்டார். குளத்திற் கல் விழுந்தாற் பரவும் வளையம்போல அது பரவிற்று. அதன் வேகமும் லாஷ்லி கணக்கிட்ட வேகத்தை ஒத்திருந்தது. பின்னர் 2001ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரத்து ஆராய்ச்சியாளர், காட்சி தோன்றிக்கொண்டிருந்த நோயாளரின் மூளையைக் காந்தப் படக்கருவியால் நோக்கி, பார்வைப் பகுதியிலே அத்தகைய மாற்றமொன்று மெதுவாக நகர்ந்து செல்வதைக் கண்டனர். நோயாளர் சொல்லிவந்தது பிரமையன்று என்பது அதனாற் புலனாயிற்று.

இனி அந்த இரசாயனப் பொருளுக்கு வருவோம். அதன் பெயர் சி.ஜி.ஆர்.பி. என்னும் எழுத்துகளாற் குறிக்கப்படும். 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி அது. இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் ஆற்றல் மிக்கது. சுவீடன் நாட்டு லார்ஸ் எட்வின்சன், மேற்கூறிய நரம்பிழைகளில் அது நிறைந்திருப்பதைக் கண்டார். பின்னர் அவரும் அவுஸ்திரேலியரான பீற்றர் கோட்ஸ்பியும் சேர்ந்து, மைக்றேன் கண்டு வருந்திக்கொண்டிருந்தவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தனர். கழுத்து நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் அப்பொருள் மிகுந்திருந்தது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அவ்வாறு மிகவில்லை. 1990இல் இம்முடிபு வெளியாயிற்று. வெளியடையாளம் அற்றதெனக் கருதப்பட்ட நோவுக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது.

எனினும், நோவுடன் சேர்ந்து காணப்படுவதெல்லாம் நோவுக்குக் காரணமாகிவிடாது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். காரணந்தானா என்று அறிய, டென்மார்க்கிலே யெஸ் ஓல்சன் என்பாரின் குழுவினர், மைக்றேன் வரும் இயல்பினர்க்கு அப்பொருளையே நாளத்தின் வழியாக ஏற்றிப் பார்த்தனர். சிலருக்குச் சில மணி நேரத்தின் பின் அவர்கள் நன்கறிந்த அதே தலையிடி வந்தது. இது 2002இல் வெளியான செய்தி. அதன்பின் அப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் பிறந்தன. மைக்றேன் வராது தடுப்பதற்கென்றே ஆக்கப்பட்ட அவ்வகை ஊசிமருந்து 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. மொஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓல்சன் ஆகிய நால்வருக்கும் 2021இல் டென்மார்க்கின் 'மூளைப் பரிசு' வழங்கப்பட்டது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒன்றை மறத்தல் ஆகாது. இன்றும் சாதாரண வைத்தியசாலையில், இரத்தத்தைச் சோதித்து 'உமக்கு மைக்றேன் உண்டு' என்று கூறும் முறை இல்லை. வைத்தியர் நோயாளியை வினவி, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டே நோயைத் துணிகின்றார். படக்கருவி தேவைப்படுவது வேறு நோய் இருக்கலாமோ என்று ஐயம் எழும்போதே. ஆகவே, நோயாளியின் சொல்லே முதற் சான்று. வீட்டிலே அச்சொல் நம்பப்படாவிடின், அவர் வைத்தியரிடம் போகாமலே நாளைக் கழிப்பார். அல்லது கடையிலே பனடோல் வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பார்.

இதிலே ஓர் ஆபத்து உண்டு. பரசிற்றமோல் போன்ற சாதாரண நோமருந்தையும், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எனச் சில மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டால், அம்மருந்தே தலையிடியைத் தருவதாகிவிடும். வேறு சிலவகை நோமருந்துகளுக்கு 10 நாளே போதும். நோவுக்கு அஞ்சி மருந்து. மருந்தால் மேலும் நோவு! இச்சுழலிற் சிக்கியவர் வைத்தியரின் துணையோடு மீளல் வேண்டும். நோவு வந்த நாள், நீடித்த நேரம், உண்ட மருந்து ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வைத்தியருக்குப் பேருதவியாகும். அடிக்கடி வருபவர்க்கு, வருமுன் தடுக்கும் மருந்துகள் உண்டு. மேலே கூறிய புதிய மருந்துகள் விலை மிகுந்தவை. ஆயின் இருதய நோய்க்கென முன்பு ஆக்கப்பட்ட புரொப்பிரனொலொல் போன்ற பழைய மருந்துகளும் பலருக்குப் பயன்படுகின்றன. ஆஸ்துமா உள்ளோர்க்கு அது ஆகாது என்பதால் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளற்க. நேரத்துக்கு உறக்கமும் நேரத்துக்கு உணவும் நன்மை தரும். நெடுநேரம் உண்ணாதிருத்தல் சிலருக்கு நோவைத் தூண்டுமாதலால், விரதம் அனுட்டிப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

எல்லாத் தலையிடியும் மைக்றேன் என்று எண்ணியிருத்தலும் தவறு. வாழ்நாளிற் கண்டிராத கடுமையோடு திடீரென்று வரும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய தலையிடி, கைகால் சோர்வு, பேச்சுத் தடுமாற்றம், மயக்கம் ஆகியவற்றோடு வருவது, தலையில் அடிபட்டபின் வரவர மிகுவது, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குவது: இவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

மற்றையோர் செய்யத்தக்கது சிறிது. ஆயினும் அதன் பயன் பெரிது. சாளரத்தை மூடி அறையை இருளாக்குங்கள். வானொலியைத் தணியுங்கள். குடிக்கத் தண்ணீரும், பக்கத்திலே ஒரு பாத்திரமும் வையுங்கள். பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்புங்கள். ஆசிரியராயின், மாணவனை ஓய்வறைக்கு அனுப்பிவிட்டு, தவறிய பாடத்தை மறுநாட் சொல்லிக் கொடுங்கள். 'உனக்கு நோகின்றது என்பதை நான் நம்புகின்றேன்' என்று ஒருவராவது கூறும் வீட்டிலே, நோயாளிக்கு நோவு ஒன்றே சுமை; நம்பாத வீட்டிலே அவர் சுமப்பவை இரண்டு. முதற்சுமையைக் குறைக்க விஞ்ஞானிகள் பல்லாண்டு உழைத்து வருகின்றனர். இரண்டாவதை இறக்கிவைத்தல் நம் கையில் உள்ளது.