கடலைக் காக்கும் அறிவு

ஹெப்பகோடியில் கடல் இல்லை. ஆயினும், பெங்களூரின் தென்கிழக்கு ஏரிகளிலிருந்து வழியும் நீர் தென்பெண்ணை ஆற்றில் கலக்கிறது. அவ்வாறு ஓசூரைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலைச் சேர்கிறது. ஆகவே, கடலைக் காப்பது கரையோர மக்களின் கடமை மட்டும் அன்று.

கடலைக் காக்க அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. நீர் கலங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் கடற்புல் அழியும். கடற்பசுவை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால், உணவு அழிந்தால் உயிர் எவ்வாறு பிழைக்கும்? ஆய்வுகள் உணர்த்திய இவ்வுண்மை, அரசின் ஆணையாயிற்று. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விலங்கோடு அதன் மேய்ச்சல் நிலத்தையும் காக்க முனைந்ததே இதன் சிறப்பு.

எனினும், ஆணை மட்டும் கடலைக் காக்காது. சிக்கிய கடற்பசுவை விடுவிக்க வலையை அறுப்பவர் மீனவரே. அவருடைய இழப்பை ஈடுசெய்யாத கொள்கை முழுமை பெறாது.

ஏரிக்கும் இது பொருந்தும். நீரின் மாசினை அளந்தறிந்த முடிவு, ஆய்வகத்திலேயே உறங்கினால் பயன் என்ன? கழிவுநீரைத் தூய்மையாக்கும் விதியாக அது மாற வேண்டும். ஆறு பாயும் இரு மாநிலங்களும் அவ்விதியைப் பின்பற்ற வேண்டும். கடற்பாதுகாப்பு ஏரிக்கரையிலேயே தொடங்குகிறது.