மொழியும் வழக்கும்

நான் எழுதிய சிறிய ஜாவாஸ்கிரிப்ட் செய்நிரல் ஒன்று, பிழை நேர்ந்தால் அது எந்த வரியில் நேர்ந்தது என்று வீட்டுக் கணினியில் சரியாகக் காட்டியது. அதையே தோழியின் கணினியில் இயக்கியபோது வரி இலக்கத்துக்குப் பதிலாக 'அன்டிபைன்ட்' என்று வந்தது. ஒரு பின்னேரம் முழுவதும் இருவரும் என் எழுத்தில் பிழை தேடினோம். என் வீட்டில் இருப்பது பயர்பொக்ஸ் உலாவி; அவளிடம் இருப்பது குரோம். நான் பயன்படுத்திய 'லைன்நம்பர்' பயர்பொக்ஸின் சொந்தச் சேர்க்கை; மொழியின் நியமத்தில் அது இல்லை. நான் படித்த கைநூலோ அதை எல்லா உலாவிக்கும் பொதுவானது போலவே எழுதியிருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. மறு ஆண்டே மைக்ரோசொப்ட் தன் உலாவியில் 'ஜேஸ்கிரிப்ட்' என ஒன்றைத் தந்தது. உலாவிக்கொரு மொழி ஆகிவிடாதிருக்க ஒரு பொது நியமம் வேண்டியிருந்தது. 1997இல் எக்மா அமைப்பு அதை வெளியிட்டது. அதன் பின்னரும் உலாவிகள் தத்தம் சேர்க்கைகளை நிறுத்தவில்லை.

சேர்க்கைகள் கூடாது என்பதல்ல என் வாதம். இன்று எல்லோரும் எழுதும் 'இன்னர்எச்டிஎம்எல்' கூட இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் சேர்க்கையாகத் தொடங்கிப் பின்னர் இணைய நியமத்தில் இடம்பெற்றதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை. பயர்பொக்ஸுக்கே உரியதாயிருந்த 'டூசோர்ஸ்' 2020இல் அதன் 74ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. எச்சரிக்கை இன்றி அதைக் கற்றவர்களின் செய்நிரல்கள் என்னாவது?

தமிழ் படிக்கும் நமக்கு இதற்கான வழி தெரியும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நம் நாட்டுச் சொற்களை ஒதுக்கிவிடவில்லை. இலங்கை வழக்கு என்று தெரியும்படி அடையாளமிட்டுத் தருகிறது. கணினிக் கைநூலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த அடையாளம் நூலின் கடைசிப் பக்கத்தில் அல்ல, அந்தச் சொல்லின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பயர்பொக்ஸை ஆக்கிய மொசில்லா தொடங்கிய எம்டிஎன் ஆவணங்களில் 'லைன்நம்பர்' நியமமற்றது என்றே குறிக்கப்பட்டுள்ளது. தன் வீட்டுப் பொருளைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லும் நேர்மை அது.

அந்த நேர்மை நமக்கும் வேண்டும். நம் குறிப்புக் கொப்பிகளைத்தான் அடுத்த வகுப்புத் தங்கைகள் வாங்கிப் படிக்கிறார்கள். 'என் உலாவியில் இயங்கியது' என்பதையும் 'இது மொழியின் விதி' என்பதையும் அதில் பிரித்து எழுதுவோம். நாங்கள் இழந்த பின்னேரத்தை அவர்களும் இழக்க வேண்டாம்.