பஜ்ஜிக்கு ஏற்ற பானம் எது?

நெய்வேலி நகரியத்தில் பொழுது சாய்ந்ததும் கடைத்தெருவில் எண்ணெய் காயத் தொடங்கிவிடும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்குவார்கள். முதல் கடியில் 'பேஷ்!' இரண்டாவது கடியில் 'ஸ்ஸ்!' மூன்றாவது கடிக்குள் கை தண்ணீரைத் தேடும்.

நேயர்களே, தண்ணீரால் அந்த எரிச்சல் தணியாது!

மிளகாய்க்குப் பிறந்த வீடு மெக்ஸிகோ. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை காரம் என்றால் நமக்கு மிளகுதான். மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலால் மிளகாய் என்று பெயர் வைத்தோம்.

மெக்ஸிகோவின் தெருக்கடைகளில் சோள ரொட்டியில் இறைச்சியும் மிளகாய்ச் சட்னியும் வைத்து மடித்துத் தருகிறார்கள். 'டாக்கோ' என்று பெயர். அதற்கு எந்தத் திராட்சை மது பொருந்தும் என்று மேல்நாட்டு ரசிகர்கள் ஜாதகப் பொருத்தமே பார்க்கிறார்கள். போதை குறைவாக, லேசான இனிப்போடு, ஜில்லென்று இருக்கவேண்டுமாம். மதுவில் போதை குறையக் குறையப் பொருத்தம் கூடுகிறது என்றால் வேடிக்கைதானே! அந்த ஊர்க்காரர்களோ புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு, ஏறக்குறைய நம் பானகத்தைப் போலவே அருந்துகிறார்கள்.

போதை ஏன் ஆகாது? நம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் உண்டு. சுமார் 42 டிகிரி சூடு பட்டால் அவை 'எரிகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயிலுள்ள காப்சைசின் என்ற சத்து, சூடே இல்லாமல் அதே செய்தியை அனுப்பிவிடுகிறது. இந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாராயச் சத்து பட்டாலோ, உடம்பின் இயல்பான சூடே அந்த நரம்புக்கு நெருப்பாகத் தோன்றும். காரத்தோடு மது அருந்துவது எரிகிற இடத்தில் விசிறுவதுதான்.

காப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகையால் செம்பு செம்பாகக் குடித்தாலும் அது நாக்கை விட்டு அகலாது. சோடாவின் வாயு இன்னும் கொஞ்சம் குத்தும். டீயில் பாலும் சர்க்கரையும் இருந்தாலும் அதன் சூடு எரிச்சலைக் கிளறிவிடும்.

பின் எதுதான் துணை? மோர்! பாலிலுள்ள கேசின் என்ற புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். வெண்ணெய் எடுத்தாலும் அந்தப் புரதம் மோரிலே தங்கும். ஆனால் நீர்மோர் என்று பெயருக்கு மோர் விட்டால் போதாது. சற்றுக் கெட்டியாகவே இருக்கட்டும். உப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்க்கலாம். வழக்கப்படி பச்சை மிளகாயை இடித்துப் போட்டுவிடாதீர்கள்; திருடனிடமே சாவியைக் கொடுத்த கதையாகும்! மடக்கென்று விழுங்காமல் வாயில் சிறிது நேரம் வைத்திருந்து குடிக்கவேண்டும். மோர் இல்லையென்றால் குளிர்ந்த பால். அதுவும் இல்லையென்றால் பானகம்.

இன்னொரு வார்த்தை. பல மாநிலத்தவரும் கூடி வாழும் ஊர் நெய்வேலி. விருந்துக்கு வந்த வெளியூர்க்காரரோ சின்னக் குழந்தையோ காரம் தாங்காமல் கண் கலங்கினால், "இதுகூடவா?" என்று சிரிக்காதீர்கள். அவர்கள் நரம்பு உண்மையாகவே தீ என்றுதான் சொல்கிறது. நமக்குத் தெரியாமலிருப்பது வீரத்தினால் அல்ல, தினமும் தின்று பழகியதால்தான்.

ஆகவே இல்லத்தரசிகளே, பஜ்ஜிக்கு வாணலியை ஏற்றுமுன் மோரைக் கடைந்து வைத்துவிடுங்கள்.