வாசிப்புப் பட்டியலும் ஒரு சான்றுதான்

உளவுத் தகவல் பகுப்பாய்வு ஆண்களுக்கான பாடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வாசிப்புப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்தப் பாடத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். வாரத்துக்கு ஓர் அறிக்கை, ஒரே பக்கம், முடிவு முதல் வரியிலேயே இருக்க வேண்டும். சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹியூயர் வகுத்த முறைப்படி அட்டவணை போடுவோம். ஒரு நிகழ்வுக்குச் சாத்தியமான விளக்கங்கள் எல்லாம் மேல்வரிசையில், சான்றுகள் இடப்பக்கம். நமக்குப் பிடித்த விளக்கத்துக்கு ஆதரவு தேடக் கூடாது. எதனுடன் முரண்படும் சான்றுகள் மிகக் குறைவோ அதுவே நிற்கும். இரவு இரண்டு மணிவரை கண்விழித்து இதைச் செய்திருக்கிறேன். அந்தக் கடுமை மீது எனக்குப் புகார் இல்லை. அது பாடத்திட்டத்தின் மீது மட்டும் ஏன் பாயவில்லை என்றுதான் கேட்கிறேன்.

1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலை ஏன் முன்கூட்டி உணர முடியவில்லை? 'சமிக்ஞை', 'இரைச்சல்' என்ற இரு சொற்களால் விளக்கினார்கள். தகவல்கள் கையில் இருந்தன, ஆனால் பயனற்ற செய்திகளின் இரைச்சலில் அவை மூழ்கிப்போயின என்று 1962இல் நூலெழுதிக் காட்டியவர் ரொபெர்ட்டா வோல்ஸ்டெட்டர். அவருடைய சொற்கள் வகுப்புக்கு வந்தன, பெயர் வரவில்லை. போர் அபாயத்தை முன்கூட்டி எச்சரிப்பது பற்றி சிந்தியா கிரேபோ எழுதிய கையேடு பல ஆண்டுகள் அரசு இரகசியமாகவே இருந்தது. அது வெளிவந்த பிறகும் பட்டியலில் ஏறவில்லை. சோவியத்துக்கு உளவு சொன்ன சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸுக்கு ஒரு வாரமே ஒதுக்கினார்கள். அவர் சோவியத் அதிகாரியைச் சந்தித்த நாட்களையும், அவர் வங்கிக் கணக்கில் பணம் விழுந்த நாட்களையும் ஒப்பிட்டு முடிச்சை அவிழ்த்த சாண்டி கிரைம்ஸுக்கும், அந்தத் தேடலில் பல ஆண்டுகள் முன்னின்ற ஜீன் வெர்ட்டஃபேவுக்கும் ஒரு வரிகூட இல்லை.

ஏன் என்று கேட்டேன். "பெண்கள் வரலாற்றுக்குத் தனித் துறை இருக்கிறதே" என்றார் பேராசிரியர். அவர் கற்பிக்கும் துறையின் வரலாற்றைத்தான் நான் கேட்டேன்.

இன்னொரு பாடம். யூகோஸ்லாவியா மீது தாக்குதலுக்குக் 'கணிசமான சாத்தியம்' இருப்பதாக 1951இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதற்கு என்ன பொருள் என்று ஷெர்மன் கென்ட் எழுதியவர்களையே விசாரித்தபோது, ஒருவர் மனதில் 80 சதவீதம், இன்னொருவர் மனதில் 20. ஒரே சொல் ஆளுக்கு ஆள் வேறு எடை பெறும் என்பது பாடம். அதே வகுப்பில் ஒரு மாணவன் 'வாய்ப்பு உண்டு' என்று எழுதினால் அது நிதானம். ஒரு மாணவி எழுதினால் அவளுக்குத் தன்னம்பிக்கை போதாது.

இது வகுப்பறையோடு முடிவதில்லை. சி.ஐ.ஏ. தானே 1953இல் அமைத்த குழு, பெண் ஊழியர்களின் இடைநிலை ஊதியத் தரம் 5, ஆண்களுடையது 9 என்று கணக்கிட்டது.

உளவு நிறுவனத்தில் பெண்ணுக்கு நாற்காலி கேட்பதா பெண்ணியம் என்று தோழிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018இல் சி.ஐ.ஏ.வின் முதல் பெண் இயக்குநரானவர், 2002இல் தாய்லாந்தில் ஓர் இரகசியச் சிறைக்குப் பொறுப்பாக இருந்தவர். அதை நம் வெற்றியாக நான் கொண்டாட மாட்டேன். ஆனால் சான்றை எடைபோடும் கலையை அதிகாரத்திடமே விட்டுவிடவும் மாட்டேன். அதிகாரத்தைக் கேள்வி கேட்க நமக்கும் அது வேண்டும்.

எந்தத் துறையில் படிக்கும் மாணவியும் இன்றே இந்த அட்டவணையைப் போடலாம். கேள்வி: என் பாடத்திட்டத்தில் பெண் பெயர்கள் ஏன் இல்லை? முதல் விளக்கம், பெண்கள் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது, செய்தார்கள், பெயர் நீக்கப்பட்டது. நூலகத்துக்குப் போய்ச் சான்றுகளை அடுக்குங்கள். எது நிற்கிறது என்று பாருங்கள். அதை முதல் வரியில் எழுதி, பாடத்திட்டம் வகுத்தவர்களின் மேசையில் வையுங்கள்.