பேசாமல் கழிந்த 13 நாட்கள்

மோட்டார் பந்தயத்துக்கும் ஒரு குடும்பப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். காரைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ இம்மாதம் நான் எழுத வரவில்லை. ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இருவரைப் பற்றியும், அவர்களுக்கிடையே தெளிவாகப் பேசி முடிக்கப்படாத ஒரு விடயத்தைப் பற்றியுமே எழுத வந்தேன். சம்பந்தம் என்னவென்பது வாசித்து முடிக்கும்போது தானாக விளங்கும்.

'போர்மியுலா வன்' எனப்படும் உலகப் புகழ்பெற்ற கார் ஓட்டப் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு சாரதிகள். இருவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஒரே நிறத்தில் உடை அணிகிறார்கள். ஆனால் சம்பியன் பட்டங்களோ இரண்டு. ஒன்று அணிக்கு, மற்றது சாரதிக்கு. அணியின் பட்டத்துக்காக இருவரும் சேர்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். சாரதியின் பட்டத்தையோ ஒருவர்தான் பெறலாம். வேறு அணிக்காரன் முந்தினால் "அவனுடைய கார் நல்ல கார்" என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தன் அணிக்காரன் முந்தினால் அந்தச் சமாதானமும் கிடையாது. காரும் ஒன்று, இயந்திரமும் ஒன்று அல்லவா? ஆகவே, ஒரு சாரதியின் முதல் போட்டியாளன் அவனுடைய அணிக்குள்ளேயே இருக்கிறான்.

இருவரும் முட்டி மோதி இரண்டு கார்களையும் இழந்துவிடக்கூடாது என்பதற்காக, அல்லது ஒருவரைச் சம்பியனாக்கிவிட வேண்டும் என்பதற்காக, "நீ முன்னால் போ, நீ பின்னால் நில்" என்று அணித் தலைமை உத்தரவிடுவதுண்டு. இதற்கு அணிக் கட்டளை என்று பெயர். இந்தக் கட்டளையால் விளைந்த மனக்கசப்புகளுள் மிகத் துயரமானது 1982 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு இத்தாலியின் பெராரி அணியில் இருவர் இருந்தனர். ஒருவர் கனடாவைச் சேர்ந்த ஜில் வில்நேவ். மற்றவர் பிரான்ஸைச் சேர்ந்த டிடியே பிரோனி. 1982 ஏப்ரல் 25 ஆந் திகதி இத்தாலியில் இமோலா ஓடுபாதையில் போட்டி நடந்தது. பல அணிகள் பகிஷ்கரித்ததால் 14 கார்களே ஓடின. முன்னால் ஓடிய ரெனோல்ட் கார்கள் இரண்டும் இடைநடுவில் பழுதாகி நிற்க, பெராரி கார்கள் இரண்டும் முதலாம், இரண்டாம் இடங்களுக்கு வந்தன. முன்னால் வில்நேவ், பின்னால் பிரோனி. சொந்த மண்ணில் இரட்டை வெற்றி கைக்கு எட்டிவிட்டது. அணியினர் பாதையோரத்தில் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் இருந்தது ஒரேயொரு சொல்: 'மெதுவாக'.

முன்னால் இருப்பவர் முன்னாலேயே இருக்கட்டும், அப்படியே போய் முடியுங்கள் என்பதுதான் அதன் பொருள் என வில்நேவ் எடுத்துக்கொண்டார். எரிபொருளையும் இயந்திரத்தையும் காப்பாற்ற வேகத்தைக் குறைத்தார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தச் சொல்லே தவிர, முந்தாதே என்று தமக்கு யாரும் சொல்லவில்லை என்பது பிரோனியின் கட்சி. இருவரும் மாறி மாறி முந்தினர். கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றே வில்நேவ் நினைத்தார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தினார். அவரே வென்றார். இருவருக்கும் இடையே அரை வினாடிகூட இல்லை.

பரிசு மேடையில் வில்நேவின் முகத்தில் சிரிப்பே இல்லை. இனி அந்த மனிதனோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். அப்படியே பேசாமல் இருந்தார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னர், 1979 இல், இத்தாலியின் மொன்ஸா ஓடுபாதையில் அவர் இதே பெராரி அணியின் ஜோடி ஷெக்டருக்குப் பின்னால் ஓடினார். அன்று முந்தியிருந்தால் தாமே உலகச் சம்பியனாகும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆயினும் அணிக்குக் கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அரை வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் பின்தொடர்ந்தே வந்தார். ஷெக்டர் சம்பியனானார். வில்நேவ் 4 புள்ளிகள் குறைவாக இரண்டாம் இடம் பெற்றார். தாம் காத்த சொல்லை மற்றவரும் காப்பார் என்று அவர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

இமோலாவின் பின் 13 நாட்கள் கழிந்தன. மே 8 ஆந் திகதி பெல்ஜியத்தில் ஸோல்டர் ஓடுபாதையில் தகுதிகாண் ஓட்டம். பிரோனியின் நேரம் வில்நேவின் நேரத்தைவிடப் பத்தில் ஒரு வினாடியளவு குறைவு. ஓட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் வில்நேவ் முழு வேகத்தில் வந்தார். முன்னால் மெதுவாகச் சென்ற யொஹன் மாஸ் அவருக்கு வழிவிட ஒரு பக்கம் ஒதுங்கினார். வில்நேவும் அதே பக்கம் திரும்பினார். கார் வானில் எழுந்து சிதறியது. அன்றிரவே வைத்தியசாலையில் அவர் இறந்தார். வயது 32. அவருடைய மகன் ஜாக் அப்போது 11 வயதுச் சிறுவன். அடக்க நிகழ்வில் உரையாற்றியவர், 1979 இல் அவர் விட்டுக்கொடுத்த அதே ஷெக்டர்.

கோபம்தான் அவரைக் கொன்றது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அந்தப் 13 நாட்கள் மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாதவையாகப் போய்விட்டன.

பிரோனிக்கு அந்த வெற்றி என்ன தந்தது? அவ்வாண்டு சம்பியன் பட்டியலில் முன்னணியில் இருந்தபோதே, ஒகஸ்ட் 7 ஆந் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் மழைக்குள் நடந்த பயிற்சியில் அவருடைய கார் இன்னொரு காரின் பின்புறத்தில் மோதியது. இரு கால்களும் நொறுங்கின. அதன் பின் அவர் போர்மியுலா வன் பக்கம் திரும்பவே முடியவில்லை. 5 புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டம் வேறொருவருக்குப் போனது. அணிக்குரிய பட்டத்தைப் பெராரி வென்றது. அதை வென்று கொடுக்கத் தொடங்கிய இருவரும் களத்தில் இல்லை.

விட்டுக்கொடுத்தல் எப்போதும் கசப்பில் முடிவதில்லை. 1956 இல் மொன்ஸாவில் பெராரியின் மூத்த சாரதி ஃபாஞ்சியோவின் கார் பழுதாகி நின்றுவிட்டது. ஓட்டத்தின் நடுவே ஒருவருடைய காரை இன்னொருவர் வாங்கி ஓட அக்காலச் சட்டம் இடமளித்தது. லுயிஜி முஸ்ஸோ இறங்கவில்லை. 24 வயதுப் பீட்டர் கொலின்ஸ் இறங்கினார். தமக்கும் சம்பியனாகும் வாய்ப்பு இருந்த நிலையிலேயே காரைக் கையளித்தார். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து நான்காவது முறையாகச் சம்பியனானார். கொலின்ஸ் இரண்டு வருடங்களின் பின் ஜேர்மனியில் விபத்தில் இறந்தார். பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் மோட்டார் பந்தயம் பற்றிப் பேசுவோர் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

மனமுவந்து கொடுப்பது வேறு. பிடுங்கிக் கொடுக்கப்படுவது வேறு. 2002 மே 12 ஆந் திகதி ஒஸ்ட்ரியாவில் பெராரியின் ரூபன்ஸ் பரிக்கெல்லோ முன்னணியில் வந்துகொண்டிருந்தார். பின்னால் அதே அணியின் மைக்கல் ஷுமாக்கர். அவர் அவ்வருடம் அதுவரை நடந்த 5 போட்டிகளில் நான்கை வென்றவர். ஆயினும் அவருக்கு இடம் விடும்படி பரிக்கெல்லோவுக்கு உத்தரவு வந்தது. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னர் அவர் வேகத்தைக் குறைத்தார். ஷுமாக்கர் 0.182 வினாடியால் வென்றார். கூட்டம் கூச்சலிட்டது. வெட்கிப்போன ஷுமாக்கர், மேடையின் உயர்ந்த படியில் பரிக்கெல்லோவை ஏற்றி நிறுத்தினார். மேடை ஒழுங்கை மீறியதற்காக 10 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டு, அதில் பாதி ஒத்திவைக்கப்பட்டது.

2003 முதல் அணிக் கட்டளையே தடை செய்யப்பட்டது. கட்டளை நின்றதா? இல்லை, ஒளிந்துகொண்டது. 2010 இல் ஜேர்மனியில் முன்னால் ஓடிய பெலிப்பே மாசாவுக்கு, பின்னால் வரும் அலொன்ஸோ உன்னைவிட வேகமாக வருகிறார் என்று வானொலியில் சொல்லப்பட்டது. கேட்ட எல்லோருக்கும் பொருள் விளங்கியது. மாசா வழிவிட்டார். பெராரிக்கு ஒரு இலட்சம் டொலர் அபராதம். 2011 இல் தடை நீக்கப்பட்டது. ஒரு வீட்டுக்குள் நடப்பதை வெளியாரின் சட்டம் எவ்வளவுதான் நிறுத்தும்?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். காக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு கடை போடுகிறார்கள். யார் பெயரில் உறுதி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பது வெட்கம். நாங்கள் என்ன பிறத்தியாரா என்கிறார்கள். வாப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மௌத்தாகிறார். அந்த வார்த்தையை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் இன்னொரு விதமாகவும் விளங்கிக்கொள்கிறார். 'மெதுவாக' என்ற பலகை இதுதான். இருவருமே பொய் சொல்லாமலே பகைவர்களாகிவிடலாம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி அல்குர்ஆன் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதைப் பற்றியதுதான். நம்பிக்கை இல்லாததால் எழுதுவதல்ல அது. நம்பிக்கை கெடாதிருக்க எழுதுவது.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தம் பிள்ளைகளில் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என அறிந்ததும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் படியில் ஏற்ற மற்றப் பிள்ளையை இறக்கும் வீட்டில், ஏறிய பிள்ளைக்கும் அந்த இடம் இனிப்பதில்லை. ஒஸ்ட்ரியாவில் ஷுமாக்கரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முன்கூட்டியே பேசி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 ஜூலையில் ஹங்கேரியில் மெக்லாரன் அணியின் ஒஸ்கார் பியாஸ்ட்ரி முன்னணியில் இருந்தார். டயர் மாற்றும் முறையை அணி மாற்றியதால் சக சாரதி லாண்டோ நொரிஸ் முன்னால் வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அணி பல தடவை கேட்டது. நொரிஸ் இழுத்தடித்தாலும், முடிய ஒரு சில சுற்றுகள் இருக்கையில் வழிவிட்டார். பியாஸ்ட்ரி தம் முதல் வெற்றியைப் பெற்றார். அடுத்த வருடம், 2025 இல், நொரிஸ் உலகச் சம்பியனானார். திருப்பிக் கொடுத்த ஒரு வெற்றி அவருடைய பங்கைக் குறைத்துவிடவில்லை.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது என்பது சிறு வயதிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். மூன்று நாள் என்பது கோபம் தணியப் போதுமான காலம். அதைத் தாண்டினால் அது கோபமல்ல, வழக்கமாகிவிடும். பெருநாளுக்குப் பெருநாள் வந்தும் பேசாத உடன்பிறப்புகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! யாருடைய பக்கம் நியாயம் என்பது பிறகு தீரட்டும். ஸலாம் முதலில் போகட்டும்.

பிரோனி 1987 ஒகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே விசைப்படகுப் போட்டியில் இறந்தார். சில மாதங்களின் பின் அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. தாய் ஒரு பிள்ளைக்கு டிடியே என்று பெயர் வைத்தார். மற்றப் பிள்ளைக்கு ஜில் என்று பெயர் வைத்தார். அந்த ஜில் பிரோனி பின்னாளில் மெர்ஸிடிஸ் அணியில் பொறியியலாளரானார். 2020 இல் பிரித்தானியப் போட்டியில் தம் அணிக்குரிய கிண்ணத்தை மேடையேறி வாங்கியவரும் அவரே. தந்தையர் இருவரும் உயிரோடு இருக்கையில் ஒருவரையொருவர் அழைக்காத பெயர்கள், ஒரே தொட்டிலில் சேர்த்து அழைக்கப்பட்டன.

நம் பிள்ளைகளுக்கு அந்த வேலையை மிச்சம் வைக்காமல், நாம் இருக்கும்போதே பேசிவிட வல்ல அல்லாஹ் தௌபீக் செய்வானாக.